வாடவிடுபவர்

கணவர் வேலை செய்யும் ஆராய்ச்சிப் பண்ணையில்தான் அந்த ஒல்லி மனிதரைச் சந்தித்தேன். மரபணு மாற்றிய மரவள்ளிச் செடிகளைத் தண்ணீரின்றி வாடவிட்டு, எதன் இலை கடைசியாகப் பழுக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. தனக்குத் தாகமெடுத்தால், அவற்றின் கண்ணில் படாமல் கொட்டகைக்கு வெளியே போய்த்தான் குடிப்பார்.

எல்லாம் மஞ்சளாகிவிட, ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றது. அதைக் காட்டும்போதுதான் அவர் முகம் மலர்ந்தது. நான் தடுப்பதற்குள் என் மகள் தன் பாட்டில் தண்ணீரை அதில் கவிழ்த்துவிட்டாள்.

"ஐயோ, கெட்டுப்போச்சுங்களா?"

"இனி அதை நம்ப முடியாதுங்க. புடுங்கோணும்."

"மாமா, செடி குடிச்சிருச்சு!" என்றாள் மகள்.

"ஆமா சாமி, நல்லாக் குடிச்சுது," என்றார்.

ஆனால் பிடுங்கவில்லை. நாங்கள் கிளம்புவதற்காகக் காத்திருக்கிறார் என்பது வாசலில்தான் புரிந்தது. மகள் திரும்பிப் பார்த்துவிடாதபடி தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.