ஸ்டீரியோ கேட்ட நாலு எண்

பொங்கலுக்குத் தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்த மறுநாள், கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அவிநாசியில் ஒரு கம்பெனிக்குச் சாம்பிள் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பேட்டரிக் கடைக்குப் போன் செய்தேன்.

எங்கள் தையல் யூனிட் பெருமாநல்லூரில் ஒரு முட்டுச் சந்துக்குள் இருக்கிறது. பச்சைக் குழந்தைகளுக்கான பனியன் உடைகள் தைத்துக் கொடுக்கிறோம். பேட்டரிக்காரர் புது பேட்டரியை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு வந்தார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டியதும் வண்டி ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது. ஆனால் கடிகாரம் பன்னிரண்டு என்று மின்னியது. ஸ்டீயரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு தொடலில் முழுக்க ஏறும் ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றது.

"பயப்படாதீங்க. கரண்டு போனதுல வண்டி எல்லாத்தையும் மறந்துருச்சு. ஸ்டீயரிங்க இந்தக் கடைசி வரைக்கும் ஒருக்கா, அந்தக் கடைசி வரைக்கும் ஒருக்கா திருப்புங்க" என்றார். திருப்பினேன். மஞ்சள் விளக்கு அணைந்தது. "ஏசி போடாம கொஞ்ச நேரம் சும்மா ஓட உடுங்க. இஞ்சின் பழையபடி நெதானத்துக்கு வந்துரும்."

மிச்சமிருந்தது ஸ்டீரியோதான். திரையில் நாலு கட்டங்கள் தெரிந்தன. ரகசிய எண் கேட்டது.

பாட்டு இல்லாவிட்டால் போகட்டும். ஆனால் வண்டிக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும் கேமராவும் அந்தத் திரையில்தான் தெரியும். சந்தின் இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். கேமரா இல்லாமல் ரிவர்ஸ் எடுக்க எனக்கு இன்றுவரை தைரியம் கிடையாது.

அந்த எண்ணை வைத்தது நான் இல்லை, என் பார்ட்னர். யூனிட்டை நாங்கள் இரண்டு பெண்களுமாகச் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைவிடச் சின்னவள். அப்போதெல்லாம் வண்டி ஓட்டுவது அவள், பக்கத்து சீட்டில் மடியில் பண்டலோடு உட்கார்ந்திருப்பது நான். அவளுக்குச் சொந்தமாக ஒரு பிராண்டு தொடங்கி ஆன்லைனில் விற்க ஆசை. எனக்கு அடுத்த கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கே போதும் என்றிருந்தது. பேசிப் பேசி, கடைசியில் ஒரு சத்தமும் இல்லாமல் பிரிந்தோம். மெஷின்களைப் பிரித்துக்கொண்டோம். அவள் வீட்டில் வேறு கார் இருந்ததால் இது என்னிடம் நின்றது. பிறகுதான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருப்போம். சண்டை இல்லாததால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு வருஷம் போய்விட்டது. ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது சிரித்துக்கொண்டதோடு சரி.

அவளுக்குப் போன் போடக் கூச்சப்பட்டுக்கொண்டு நானே யோசித்தேன். எங்கள் முதல் ஆர்டரின் ஸ்டைல் நம்பரைப் போட்டேன். இல்லை. யூனிட் தொடங்கிய வருஷத்தைப் போட்டேன். இல்லை. அவள் மகளின் பிறந்த நாளையும் போட்டேன். திரை பூட்டிக்கொண்டது.

"இனி ஒரு மணி நேரம் ஆகோணுமுங்க. சாவி ஆன்லயே இருக்கட்டும். அணைச்சீங்கன்னா மறுபடி மொதல்ல இருந்து எண்ணும். கோடு நம்பர் தெரிஞ்சவங்களக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேட்டரிக்காரர் போய்விட்டார்.

போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க்கா."

நான் விஷயத்தைச் சொன்னேன். "அந்த நம்பரை மட்டும் சொல்லு, போதும்" என்றேன்.

"எங்க நிக்கறீங்க, யூனிட்லயா?"

"ஆமா."

"நான் இப்ப வீட்லதான் இருக்கனுங்க்கா. வந்தர்றேன்" என்று வைத்துவிட்டாள். நம்பரைச் சொல்லவில்லை.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தவள், பழக்கத்தில் நேராக டிரைவர் பக்கக் கதவுக்கு வந்தாள். உள்ளே நான் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் நின்று, சுற்றிக்கொண்டுபோய் மறுபக்கம் ஏறினாள். அந்த சீட்டில் அவளை நான் பார்த்ததே இல்லை.

"நீங்க ஓட்டறீங்கன்னு சொன்னாங்க. நான் நம்பலீங்க்கா."

"நானே நம்பலை" என்றேன்.

அவள் கை சும்மா இருக்காது. கண்ணாடி ஸ்விட்சை அமுக்கி முழுக்க இறக்கினாள். பிறகு தூக்கிப் பிடித்து, மேலே போய் மூடிய பிறகும் விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். "இப்பப் பாருங்க." ஒரு தொடலில் ஏறியது. கடிகாரத்தையும் சரிசெய்தாள். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யூனிட்டுக்குள் ஓவர்லாக் தையல் மெஷின்கள் ஓடும் சத்தமும் தைக்கும் ஒடிசாப் பெண்கள் பேசும் சத்தமும் கேட்டன.

"பிராண்டு எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"நிறுத்திட்டனுங்க்கா. போன ஆடியோட."

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்கு யாருமே சொல்லவில்லை.

"வித்ததுல பாதி திரும்பி வந்துச்சு. சைஸ் சரியில்ல, கலர் சரியில்லன்னு. ஹால் பூராவும் ரிட்டர்ன் பார்சல். புள்ள அதுக்கு மேல உக்காந்து படிப்பா. ஒரு நாள் வாப்பா வந்து பாத்துட்டு, இது ஊடா குடோனான்னு கேட்டாங்க. அன்னைக்கு முடிவு பண்ணுனது." அவள் சிரித்தாள். இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறாளாம். அன்றைக்கு லீவு.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. "பேசாம இங்கயே வந்துரேன். உன் டேபிள் அப்படியேதான் கெடக்கு."

உடனே ஒப்புக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வேண்டாமுங்க்கா. ஆறு மணியானா பையத் தூக்கிட்டு ஊட்டுக்குப் போயர்றேன். ராத்திரி தூங்கறேன். இது எனக்குப் புடிச்சிருக்கு. நீங்க தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகவும், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. நானும் என் நிலைமையைச் சொன்னேன். ஆள் வருவதும் போவதும், துணி லேட்டாக வருவதும் பெரிய கஷ்டம் இல்லை. நல்லது கெட்டது எது நடந்தாலும் உடனே திரும்பிச் சொல்ல ஆள் இல்லாததுதான் கஷ்டம் என்றேன். அவள் என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஒரு மணி நேரம் முடிந்து திரையில் மறுபடி நாலு கட்டங்கள் வந்தன. அவள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாக அமுக்கினாள். திறந்துகொண்டது.

"இவ்வளவுதானா?"

"மறக்கக் கூடாதுன்னு வெச்சதுங்க்கா. நீங்க எதெதப் போட்டீங்க?"

சொன்னேன். மகளின் பிறந்த நாள் என்றதும் சிரிப்பை நிறுத்தி, "அது ஞாபகம் இருக்குதுங்களா?" என்றாள்.

ரிவர்ஸ் போட்டேன். கேமராவில் சந்து தெரிந்தது. மெதுவாகப் பின்னால் வந்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அவள் இறங்கிப் பின்னால் நின்று கை காட்டியிருந்தால், கேமரா இல்லாமலே எப்போதோ வெளியே வந்திருக்கலாம். அது அவளுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. அப்போதும் இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

ஸ்கூட்டரை யூனிட்டிலேயே விட்டுவிட்டு அவளும் அவிநாசிக்கு வந்தாள். வழியெல்லாம் பிரேக் பிடிக்கச் சொல்லி வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டே இருந்தாள். கம்பெனியில் சாம்பிளைப் பார்த்தவர்கள் கழுத்துப் பட்டி கொஞ்சம் சுருங்குவதாகச் சொன்னார்கள். நான் வாய் திறக்கும் முன்னால் அவள் துணியை வாங்கி இழுத்துப் பார்த்து, "பட்டிக்கு வெக்கற ரிப் துணிய இன்னும் கொஞ்சம் நீளமா வெட்டுனா போதுமுங்க" என்றாள். சரி என்றார்கள். திரும்பும்போது ரோட்டோரக் கடையில் டீ குடித்தோம்.

அவள் திரும்ப வேலைக்கு வரவில்லை, நானும் பிறகு கேட்கவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடமிருந்து போன் வரும். அவர்கள் கம்பெனி மேனேஜரைப் பற்றிச் சொல்வாள். நான் கட்டிங் மாஸ்டரைப் பற்றிச் சொல்வேன். சில நாள் ஒன்றுமே இருக்காது. என்ன கறி வைத்தாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம்.