மங்கையக்காவுக்குக் காட்டாத சமையலறை

“மாஸ்டர், ஒஃபீசில ஆர் இவ்வளவு கோப்பை கழுவிறது?”

ஸ்காபரோவில் எங்கள் தெருமுனைப் பூங்காவின் மர வாங்கில் உட்கார்ந்தபடி மங்கையக்கா ஒரு நாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. மகன் ரவியைப் பார்க்க ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். ரவி ஊரில் என்னிடம் கணிதம் படித்தவன். இங்கே இரண்டு வீடு தள்ளி இருப்பவன். இருபத்தைந்து வருடத்துக்கு முன், கனடா வந்த முதல் இரண்டு வருடமும் அவன் அஜின்கோர்ட்டில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். தாய்க்குச் சொன்னது கந்தோரில், அதாவது ஒஃபீசில், வேலை என்று.

“அந்த நாளில ரெலிபோனுக்குப் பின்னால கோப்பை முட்டிற சத்தம் கேக்கும், தண்ணி ஓடும்” என்றார் அக்கா. “‘ஒஃபீசிலதான் நிக்கிறன் அம்மா’ எண்டுவான். நானும் ஓம் எண்டிடுவன்.” தனக்குத் தெரியும் என்பதை ரவியிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

தை மாதத்தில் ஒரு காலை ரவி அழைத்தான். “அம்மா எங்களை விட்டுப் போட்டா மாஸ்டர்.” நெஞ்சுவலி. அம்புலன்ஸ் வருமுன் முடிந்துவிட்டது. அவர் ஊர் திரும்ப மூன்று வாரம்தான் இருந்தது. முதலில் அழுதேன். பிறகு வந்த கோபம் இன்னும் போகவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி தரும்படி ரவி கேட்டிருக்கிறான். அக்காவை அறிந்தவர்களே, இது நாலு வரியில் அடங்காது.

அவருக்கு என்னென்ன காட்டப்பட்டது என்று எனக்குத் தெரியும். நயாகரா மூன்று தரம். நகரத்து உயரக் கோபுரம் ஒரு தரம். ஒஷாவாவில் மருமகளின் தங்கை வாங்கிய புது வீடு, கார்க் கொட்டகை உட்பட. “படத்துக்கு என்னை நிப்பாட்டினம் மாஸ்டர்” என்றார். “தண்ணி நல்லாத்தான் விழுகுது. நேற்றும் விழுந்தது, நாளைக்கும் விழும். அதுக்கு நான் என்னத்துக்கு?”

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “நீ முதல் வேலை செய்த இடத்தைக் காட்டன்.” அதற்கு ரவி சொன்ன பதில்: “அந்த பில்டிங்கை இடிச்சுப் போட்டாங்கள் அம்மா.”

யாரும் எதையும் இடிக்கவில்லை. அந்தக் கடை இன்றும் இருக்கிறது. அங்கே ரவியை ஈர ஏப்ரனோடு நான் கண்டிருக்கிறேன். “வாங்கோ அக்கா, பஸ்ஸில இருவது நிமிஷம். நான் கூட்டிக்கொண்டு போறன்” என்றேன். அவர் மறுத்தார்.

“நீங்கள் காட்டினால் அது கடை மாஸ்டர். அவன் காட்டினால்தான் அது அவன் நிண்ட இடம்.”

“அப்ப தெரியுமெண்டு அவனிட்டைச் சொல்லுங்கோவன்.”

“நான் சொன்னால் கள்ளனைப் பிடிச்ச மாதிரி ஆயிடும். அவன்ரை வாயால வரட்டும்.”

மார்கழியில், ரவி வாசலில் பனி அள்ளிக்கொண்டு நின்றபோது பேச்சை எடுத்தேன். “அம்மாவை அந்தக் கடைக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவன் ரவி.”

அவன் சிரித்தான். “அந்த எண்ணெய் நாத்தத்தைக் காட்டவோ அம்மாவை பிளேன் ஏத்திக் கூப்பிட்டனான்? அவ ஊரெல்லாம் என்னை ஒஃபீசர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறா. உந்தப் பழங்கதையை ஏன் இப்ப கிண்டுறீங்கள் மாஸ்டர்?”

நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பொறுமையான மாஸ்டர் என்று என்னைச் சொல்வார்கள். அந்தப் பொறுமையை நினைக்க எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். விடையை மட்டும் எழுதி, அது வந்த வழியைக் காட்டாத பிள்ளைக்கு வகுப்பில் நான் முழுப் புள்ளி கொடுத்ததில்லை. ரவிக்கு அது நன்றாகத் தெரியும். அவனுடைய பெரிய வீடு விடை. அந்தத் தாய் வந்த நாள் முதல் கேட்டது வழியை. நாங்கள் எத்தனை பேர் இதையே செய்கிறோம்? பெற்றோரைக் கூப்பிட்டு, எங்கள் வெற்றிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, திருப்பி அனுப்புகிறோம்.

செத்தவீட்டு மண்டபத்தில் திரை முழுக்க நீர்வீழ்ச்சி. “அம்மா கனடாவை முழுக்கப் பாத்திட்டுத்தான் போனவ” என்று ரவி ஒலிவாங்கியில் சொன்னபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

ரவி, இதை அச்சுக்குக் கொடுக்குமுன் நீ வாசிப்பாய். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும். ஊரில் உன்னை ஒஃபீசர் என்று அவர் சொல்லித் திரிந்தது ஏமாந்து அல்ல. உன் பொய் விழுந்துவிடாமல் இருபத்தைந்து வருடம் தாங்கிப் பிடித்தார். அதை நீயாக இறக்கி வைப்பாய் என்று பார்த்திருந்தார். நீ அவரை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். விரும்பினால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. கிழிக்குமுன் இன்னொரு தரம் வாசி.

மங்கையக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் வரவேற்பறையில் இருக்கமாட்டார். நேரே உள்ளே அடுப்படிக் குசினிக்குப் போய், அங்கே வேலை செய்பவருக்குப் பக்கத்தில் நின்று கதைப்பார். அந்தப் பழக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.

உங்கள் பெற்றோர் வந்து இறங்கினால், வேறெங்கும் போகுமுன், நீங்கள் இங்கே முதன்முதல் வேலை செய்த இடத்துக்கு அவர்களைக் கூட்டிச் செல்லுங்கள்.