மூன்றாம் மாடியில் அவர், கீழே நான்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவருக்கு வேலூரில் ஒரு மருத்துவமனையில் குடலிறக்க ஆபரேஷன். "இங்கயே உக்காரும்மா, கூப்புடுவோம்" என்றார் நர்ஸ். காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் கதவருகே உட்கார்ந்தவள் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. மூன்று மணிக்குமேல் பயம் தாங்காமல், அழுதுகொண்டே மாடி மாடியாகத் தேடினேன். மதியமே ஆபரேஷன் முடிந்து, பின்பக்க லிஃப்டில் மூன்றாம் மாடி வார்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

என்னைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க போய்ட்ட? சாப்புடாம எங்கனா மயங்கி உழுந்துட்டியோன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் உன்னயே கேட்டுனு இருந்தேன்."

இப்போது வெறும் ஸ்கேனுக்கு அவரை உள்ளே அனுப்பினாலும், "முடிஞ்சதும் எங்க கொண்டுபோவீங்க?" என்று கேட்டு, அதை அவரிடமும் சொன்ன பிறகுதான் கையை விடுகிறேன்.