விழப்போகும் வளைவு

மீனாட்சிபுரத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு வெயிலில் நடக்கிறேன். வழியில் வெள்ளைக்காரன் காலத்துப் பீர் ஆலை ஒன்று நிற்கிறது. பாழாய்க் கிடந்த கட்டடத்தை ஊர்க்காரர்களே சுண்ணாம்பு அரைத்துப் பூசிச் செப்பனிடுகிறார்கள். வாசல் வளைவில் சர்க்கார் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது: வளைவு எந்நேரமும் விழும், அடியில் நிற்கக் கூடாது, கட்டடத்தை இடிக்க உத்தரவு.

வேலையாட்கள் சரியாக அந்த வளைவுக்கு அடியில்தான் மதியச் சோறு சாப்பிடுகிறார்கள். நோட்டீஸ் ஒட்டிய அதிகாரி சைக்கிளோடு சாலையில் நின்று, வெளியே வரச் சொல்லிக் கத்துகிறார். ஒருவரும் அசையவில்லை.

சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்கும் பெண்ணிடம் கேட்கிறேன்: "பீர் காய்ச்சின கட்டடத்துக்கா இவ்வளவு வீம்பு?"

"ஏனுங்க, குடிச்சதுதான் வெள்ளக்காரன். செங்கல் சுமந்தது எங்கம்மாங்க. அதெல்லாம் விழாதுங்க. நீங்களும் வந்து உக்காருங்க."

உட்கார்கிறேன். மேற்கே இருண்டு, சடசடவென்று மழை இறங்குகிறது. சுற்றிலும் ஒதுங்க வேறு கூரை இல்லை. அதிகாரி சைக்கிளைப் போட்டுவிட்டு, பைலைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஓடி வருகிறார். அந்தப் பெண் நகர்ந்து இடம் விடுகிறாள்.

"நல்லா நடுவுல நில்லுங்க சார். ஓரத்துல நின்னா நனைஞ்சுருவீங்க."