மெல்வினாவின் மஞ்சள் முன்பக்கம்

முப்பது வருடம் மீன் ஆலையில் கத்தி பிடித்த மெல்வினா பார்டி, ஓய்வு பெற்றதும் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரையும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. கனடாவில், நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் கெட்டில் துறை என்ற கடலோர ஊரில் அதற்குமுன் யாரும் வீட்டை வரைந்து பார்த்ததில்லை. வெளிச்சுவர்ப் பலகை உளுத்தால் புதுப்பலகை அடிப்பார்கள், அதோடு மறந்துவிடுவார்கள்.

மெல்வினா வரைந்ததற்குக் காரணம் ட்ரூசில்லா. கணவன் ஹெட்லியின் அக்கா. வளைகுடாவுக்கு அக்கரையில், நேர் எதிர் வீடு. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில், மெல்வினாவுக்கு நிறம் பார்க்கத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் ட்ரூசில்லா தினமும் காலையில் டீயோடு உட்காரும் ஜன்னல் இந்த வீட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. அவள் கண்ணைப் பறிக்கும்படி முன்பக்கத்துக்கு மஞ்சள் பலகை போட்டே தீரவேண்டும். மற்ற மூன்று பக்கத்தை எவள் பார்க்கப்போகிறாள்? அதற்குச் சாம்பல் நிறமே அதிகம்.

பனிக்காலம் முழுக்க வரைந்தாள். அந்த மென்பொருளில் சுவர்க்கோட்டை இழுக்கும் திசையை வைத்துத்தான் உள்பக்கம், வெளிப்பக்கம் தீர்மானமாகும். மெல்வினா எல்லாக் கோட்டையும் மாற்றி இழுத்துவிட்டாள். சமையலறைக்குள் மஞ்சள் பலகை வரிவரியாக வந்து நின்றது. வெளியே, மழையில், ரோஜாப்பூ போட்ட சுவர்க் காகிதம். ஹெட்லி எட்டிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. மழையே காகிதத்தைத் தொடச்சிடும், உனக்கு வேலை மிச்சம்."

மெல்வினா அவனுக்கு அன்று ஆறின டீதான் கொடுத்தாள். கோடுகளைத் திருப்பி இழுத்துச் சரிசெய்தாள். மூன்று வாரம் பலகையின் அகலத்தை மாற்றினாள், மூலைப்பட்டையை வெள்ளையாக்கினாள், மஞ்சளில் பதினாறு வகை பார்த்தாள். கடைசியில் படத்தை அச்செடுத்து, செயின்ட் ஜான்ஸ் நகரத்துப் பலகைக்காரன் கார்ஃபுக்கு அனுப்பிவிட்டு, கண்புரை எடுக்க ஹெட்லியோடு நகரத்துக்குப் போனாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். கெட்டில் துறையில் வீட்டின் முன்பக்கம் என்றால் கடலைப் பார்த்த பக்கம். அந்தக் காலத்தில் வந்தவர்கள் எல்லாம் படகில் வந்தவர்கள். சாலை பிறகு வந்தது, வீட்டின் முதுகுப்பக்கமாக. மென்பொருளுக்கு இந்தக் கதை தெரியாது. சாலை இருக்கும் பக்கத்துக்கு அதுவே 'முன்பக்கம்' என்று பெயர் எழுதி வைத்திருந்தது. மெல்வினா அந்த எழுத்தைப் பார்க்கவும் இல்லை. தன் வீட்டு முன்பக்கம் எது என்று ஒரு லேப்டாப்பைக் கேட்கிற நிலைமையில் அவள் இல்லை. முன்பக்கத்துக்கு மஞ்சள் என்று தட்டினாள், அவ்வளவுதான்.

கார்ஃப் பலகை அடித்து முடித்த பிறகு புதுக்கண்ணோடு திரும்பியவள், சாலையிலேயே காரை நிறுத்தச் சொன்னாள். குப்பைத்தொட்டிக்கும் விறகுக்கும் பின்னால் மஞ்சள் தகதகவென்று நின்றது. ஓடிப்போய்க் கடல் பக்கம் பார்த்தாள். சாம்பல்.

அழுதேவிட்டாள். ஒன்பது வருடக் கோபத்தைக் குப்பைத்தொட்டிக்குக் காட்டவா இவ்வளவு பாடு? கார்ஃப் போனில் பதறினான், அடுத்த வாரமே வந்து மாற்றித் தருகிறேன் என்றான்.

அதற்குள் ஊரே அந்த வழியாகக் காரை மெதுவாக ஓட்டிப்போய்ப் பார்த்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அக்கரையில் போய்ச் சொன்னார்கள். நான்காம் நாள் காலை சமையலறைக் கதவு திறந்தது. தட்டவில்லை, இந்த ஊரில் கதவைத் தட்டுகிறவன் போலீஸ்காரன் அல்லது அந்நியன். வளைகுடாவைச் சுற்றிப் பதினெட்டு கிலோமீட்டர் காரோட்டி வந்த ட்ரூசில்லா, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் மஞ்சள், எனக்கு மட்டும் சாம்பலா? நான் என்னடி பாவம் பண்ணேன்?"

மெல்வினா டீ ஊற்றினாள், டின் பாலும் கலந்தாள். ட்ரூசில்லா இரண்டு கோப்பை குடித்தாள். வெளியே போய் மஞ்சளை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூலைப்பட்டை வெள்ளையாக இருப்பது பரவாயில்லை என்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கிளம்பினாள்.

கார் வளைவில் மறைந்ததும் மெல்வினா போனை எடுத்துக் கார்ஃபைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணும் மாத்தவேண்டாம்பா. அவளுக்குப் பாக்கணும்னா இங்க வந்து பாக்கட்டும்."