இருபத்திரண்டு டிரம், குறை இல்லை

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. கூட்டிச் சொல்கிற ஆளாக இருந்தால் இன்ஸ்பெக்டர் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஒஹாயோ மாநிலத்தில் ஆலைகளின் விஷக்கழிவைச் சோதிப்பது என் வேலை. அதிகாரம் மாநிலத்துடையது. ஆனால் கொடுத்தது வாஷிங்டன், அதாவது மத்திய அரசு; சரியாகச் செய்யாவிட்டால் பிடுங்கிக்கொள்ளும். அதனால் அவ்வப்போது அங்கிருந்து ஒருவர் எங்கள் பின்னாலேயே வருவார். வாயே திறக்க மாட்டார். பார்ப்பார், எழுதுவார், போய்விடுவார்.

ஜனவரி 14. மதியம் 2:10. பழைய முலாம் பூசும் ஆலை. மேனேஜர் ஸ்டான் ரஸ்னக் வழக்கம்போல் காபியை நீட்டினார். போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்பது விதி. குளிருக்கு விதி தெரியுமா? வாங்கிக்கொண்டேன்.

வாசலில் ஒரு பெண் நின்றாள். கையில் அட்டை, பென்சில். வாஷிங்டன் ஆள்தான் என்று நினைத்தேன். என் கோப்பையைப் பார்த்துத் தலையசைத்தாள்... வேண்டாம் என்று. எரிச்சலோடு கீழே வைத்தேன்.

2:25. ஸ்டானோடு கொட்டகைக்குப் போய்க் கழிவு டிரம்களை எண்ணினேன். இருபத்திரண்டு. ஆறு வருடமாக அதே கணக்கு. கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். பின்தெருவில் நாற்பது வீடுகள், எல்லாருக்கும் கிணற்றுத் தண்ணீர். அவர்கள் நம்புவது இந்தக் கையெழுத்தைத்தான்.

டொக்... டொக்...

அவள் கடைசிச் சுவரைப் பென்சிலால் தட்டிக்கொண்டிருந்தாள். குளிரில் எங்கள் மூச்சு புகையாக வந்தது. அவளுக்கு வரவில்லை.

"என்னய்யா வேர்ன், சுவத்தையே முறைக்கிற?"

"அந்தம்மா தட்டுறாங்களே, ஸ்டான்."

"எந்தம்மா?"

2:31. என் போன் அடித்தது.

"வாஷிங்டன் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். பனியில வண்டி மாட்டிக்கிச்சு. இன்னிக்கு வர முடியாது." ஆண் குரல்.

டொக்...

சுவருக்குப் பின்னால் வெற்றிடம் இருப்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"அந்தச் சுவத்த இடிக்கணும், ஸ்டான்."



நிமிர்ந்து பார்த்தேன். அவள் இல்லை.

மறுநாள் இடித்தார்கள். உள்ளே ஒன்பது டிரம்கள். துருப்பிடித்து, அடி விட்டுப்போய், காலியாக இருந்தன. உள்ளே இருந்த விஷம் அத்தனையும் மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

அலுவலகத்தில் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். மாநிலத்துக்கு அதிகாரம் கிடைத்த முதல் வருடம். 'இருபத்திரண்டு டிரம். குறை இல்லை.' கையெழுத்து: இன்ஸ்பெக்டர் லொரேன் பாவ்லிக். ஓரத்தில் அவள் அடையாள அட்டைப் புகைப்படம். அதே முகம்.

"லொரேனா? மூணே வருஷத்துல வயித்துல புத்துநோய் வந்து போய்ட்டா, பாவம்," என்றார் கோப்பு அறை மார்த்தா. "அந்த ஆலைக்குப் போனா காபி குடிக்காம வர மாட்டா."

ஆலைக்கும் கிணற்றுத் தண்ணீர்தான்.

வருடத்துக்கு இரண்டு முறை. ஆறு வருடம்...

பன்னிரண்டு கோப்பை குடித்திருக்கிறேன்.