இரண்டாவது கிற்றார்

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் எனக்கு வாய்த்த முதலாளி செத்தவர்களோடு குடித்தனம் நடத்துகிறவர். அதைத் தவிர அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தனிக்கட்டை. சீசா என்கிற பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தார். சிஞ்ஞோர் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வீட்டைக் கூட்டித் துடைத்து மதியத்துக்குச் சமைத்து வைப்பது என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெரிய அறை முழுக்க இசைத்தட்டுகள், பழைய கனத்த தட்டுகள், தவறிப் போட்டால் பீங்கான் கோப்பை மாதிரி நொறுங்கிவிடும். எல்லாம் அமெரிக்கக் கறுப்பர்கள் பாடிய புளூஸ். அதிலும் பேர் போனவர்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "அவர்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்" என்பார்.

அவருக்கு வேண்டியவர்கள் ஊர் பேர் தெரியாதவர்கள். பருத்திக் காட்டில் வேலை செய்த ஒருவன், ஹோட்டல் அறையொன்றில் வைத்த மைக்கின் முன்னால் இரண்டே பாட்டுப் பாடிவிட்டுப் போனவன், பிறகு ஒரு தகவலும் இல்லை. இன்னொருவன் பாட்டை விட்டுப் போதகராகி, தேடி வந்தவர்களிடம் "அது நானில்லை" என்று கதவைச் சாத்தினவன். ஒருத்தி ஆஸ்பத்திரியில் துணி துவைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறாள். அவள் பாடகி என்பது, கூட வேலை செய்தவர்களுக்கே தெரியாதாம். இதையெல்லாம் சிஞ்ஞோர், தன் சொந்தக்காரர் வீட்டுச் செத்தவீட்டுக் கதை போலக் குரல் தாழ்த்திச் சொல்லுவார். நான் தலையாட்டிக்கொண்டு நிலத்தைத் துடைப்பேன். ஊரில் உயிரோடிருக்கிற என் ஆட்களைப் பற்றியே எனக்கு ஒன்றும் தெரியாமலிருக்க, இந்த மனுசன் செத்தவர்களைத் தேடுகிறதே என்று எரிச்சல் எரிச்சலாக வரும்.

எரிச்சலின் உச்சம் ஒரு குறிப்பிட்ட தட்டு. அந்த ஹோட்டல் அறைப் பாட்டுக்காரனுடையது. பாடுகிறவனுக்குப் பின்னால் இன்னொரு கிற்றார் கேட்கும். அதை வாசித்தது யாரென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சிஞ்ஞோர் ஒவ்வொரு தட்டின் உறையிலும் அழகான கையெழுத்தில் எழுதி வைப்பார்: குரல் இன்னார், கிற்றார் இன்னார். இதில் மட்டும் இரண்டாவது கிற்றார் என்று எழுதி ஒரு கேள்விக்குறி. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகித் திருகி அதே பாட்டைக் காலை முழுக்கப் போடுவார். "பதிவு செய்த அன்று இயந்திரம் சரியான வேகத்தில் ஓடவில்லை. வேகம் பிழைத்தால் ஆளே மாறிவிடும்" என்பார். எனக்கு அந்தப் பாடகன் எந்த வேகத்திலும் பல்வலிக்காரனாகத்தான் கேட்டான்.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து கசெற் வந்தது. யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் கிடையாது. கடிதம் போனால் போனதுதான். கொழும்புக்கு வந்த யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அங்கிருந்து தபாலில் வந்திருந்தது. நகரத்தின் மற்றப் பக்கம், ஒரேத்தோவில் ஊர்ப் பெடியன்கள் நாங்கள் சேர்ந்திருந்த வீட்டில், கூட இருந்த பெடியன்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியே போட்டுக் கேட்டேன். அப்பா கதைத்தார். தங்கை கதைத்தாள். பக்கத்து வீட்டு ஆச்சிகூட இரண்டு சொல்லுச் சொன்னா. கடைசியில் எலி கத்தினமாதிரி ஒரு கீச்சுச் சத்தம், அதோடு சரி. என் மனைவி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

கலியாணம் முடித்த கையோடு புறப்பட்டு வந்தவன் நான். வந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பெர்மெஸ்ஸோ கிடைத்து இங்கே இருக்கலாம் என்று ஆனபிறகும், அவளை அழைப்பதற்கு வீடு, அது இது என்று அலுவல் இழுபட்டுக்கொண்டே போனது. கோபமா? அல்லது அவள் அங்கே இல்லையா? அவளுக்கு ஏதும் நடந்து, எனக்கு மறைக்கிறார்களா? அறையில் இருந்தவன் ஒருவன், "மனுசி கோவிச்சுக்கொண்டு தாய்வீட்டை போயிருக்கும், விடு அண்ணை" என்று ஆறுதல் சொன்னான். அவனை அடிக்கலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒரேத்தோவிலிருந்து சீசாவரை நடந்தே போனேன். துடைத்த அறையைத் திரும்பத் துடைத்தேன். ஒரு மதியம் சிஞ்ஞோர் பாஸ்தாவை வாயில் வைத்துவிட்டு முள்ளுக்கரண்டியைக் கீழே போட்டார்.

"கடல் தண்ணீரையே ஊற்றி அவித்தாயா, இவ்வளவு உப்பு? என்ன நடந்தது உனக்கு?"

வாய்க்கு வந்தபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கு அந்தக் கசெற்றைக் கொண்டு வா என்றார்.

அடுத்த நாள் காலை, ஒரு சொல் தமிழ் தெரியாத மனுசன் கண்ணை மூடிக்கொண்டு என் அப்பாவைக் கேட்டார். தன் பாட்டுக்காரர்களைக் கேட்கிற அதே முகம்.

"உன் தந்தைக்கு என்ன வயது? ஒரே வாக்கியத்துக்குள் ஏன் சிறுவனாகவும் கிழவனாகவும் மாறுகிறார்?"

"ஈரம் பட்ட நாடாவாக இருக்கும்" என்றேன்.

"இல்லை. பற்றரி தீர்ந்தால் வேகம் ஒரு பக்கமாகத்தான் குறைந்துகொண்டு போகும். இது ஏறி இறங்குகிறது. இது மனிதக் கை."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் வந்தபிறகு ஊரில் மின்சாரம் நின்றுபோனது, பற்றரிக்கும் தடை. புதிதாக வந்த பெடியன்கள் சொல்லியிருந்தார்கள்: சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் பாட்டுக் கேட்கிறார்கள் என்று. சிரித்துவிட்டு மறந்திருந்தேன். இந்தக் கசெற்றையும் அப்படித்தான் பதிந்திருக்கிறார்கள். சிஞ்ஞோருக்கு அதைக் கையாலேயே சுற்றிக் காட்டினேன். அவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்படியென்றால் அந்த இடத்தில் இன்னொருவர் இருக்கிறார். மற்றவர்கள் பேசி முடியும்வரை சுற்றிக்கொண்டே இருக்கிறார்."

"அது யாராகவும் இருக்கலாம்" என்று சீறினேன். அது அவள்தான் என்று நம்பி ஏமாற எனக்குத் தென்பில்லை.

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாடாவைப் பின்னுக்கு ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார். தங்கையின் குரல் திடீரென்று கீச்சிட்டுப் பிறகு ஒரேயடியாகத் தடித்துப்போகிற இடம்.

"பதியும்போது இயந்திரம் மெதுவாக ஓடினால், கேட்கும்போது குரல் கீச்சிடும். இங்கே சுற்றுகிறவர் கையை விட்டுவிடுகிறார். பிறகு ஆத்திரத்தோடு சுற்றுகிறார். அந்தப் பெண் இங்கே என்ன சொல்கிறாள்?"

எனக்கு அந்த வரி மனப்பாடம். "அண்ணை, மச்சாளைக் கூப்பிடுற அலுவல் என்ன மாதிரி?" என்று தங்கை என் மனைவிக்காகக் கேட்கிறாள். அதை இத்தாலியனில் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் நாடாவின் கடைசிக்குப் போனார். அந்த எலிச் சத்தம். கசெற் இயந்திரத்தின் வேகக் குமிழைக் குறைக்கிற மட்டும் குறைத்தும் போதவில்லை. தன் பெரிய ரேப் இயந்திரத்தில் அதை வேகமாகப் பதிந்து, மெதுவாக ஓடவிட்டார். எலி குருவியானது. இன்னொரு தரம். குருவி மனுசக் குரலானது. முதலில் அப்பா.

"காணும் பிள்ளை, கையை எடு. நீயும் ஒரு சொல்லுக் கதையன்."

பிறகு மூச்சு. இளைத்து இளைத்து வருகிற மூச்சு. சக்கரம் ஓய்ந்துகொண்டு போக, அதற்குள் முண்டியடித்துக்கொண்டு அவள்.

"ஐயோ மாமா, மூச்சு வாங்குது. நான் சுகமாயிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை அங்கை போய் அவரோடை கதைக்கிறன்."

நான் வெட்கமில்லாமல் அழுதேன். துடைப்பத்தடியைப் பிடித்துக்கொண்டு அந்த அறையின் நடுவில் நின்று அழுதேன். சிஞ்ஞோர் குசினிக்குள் போய், தனக்குத் தெரியாத வேலையாகிய கோப்பி போட்டுக் கருக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் அதைக் குடித்தோம்.

வேகத்தைச் சீராக்கி நல்ல பிரதி ஒன்று எடுத்துத் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவள் இருந்ததே அந்த ஏற்ற இறக்கத்தில்தான். அவருக்கு அது உடனே விளங்கியது. பேனையை எடுத்து, கசெற் உறையை முன்னால் வைத்துக்கொண்டு அவளுடைய பெயரைக் கேட்டார். சொன்னேன். நீளமான பெயர். எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு, தன் தட்டுகளில் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதினார். குரல்: தந்தை, தங்கை, பக்கத்து வீட்டம்மா. டைனமோ என்று போட்டு, அதற்கு நேரே அவள் பெயர். எழுதி முடித்து, கேள்விக்குறி போட்ட அந்தத் தட்டின் உறையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "என்னுடைய ஆளை எனக்குச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை" என்றார். அன்று அந்தத் தட்டைப் போடச் சொல்லி நானே கேட்டேன். பின்னால் வாசிக்கிறவனை மட்டும் கவனித்தேன். பாடுகிறவன் மூச்செடுக்கிற இடமெல்லாம் அவன்தான் பாட்டைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகும் அலுவல் இழுபட்டுத்தான் முடிந்தது. பொறுமையில்லாமல் விசா அலுவல் பார்க்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூரா வாசலில் நின்று பொலிஸ்காரரோடு வாக்குவாதப்பட்டு, ஒருவாறு அவள் வந்து சேர்ந்தாள். வந்து சில நாளில் என் பெட்டியை ஒதுக்கும்போது கசெற் அவள் கையில் அகப்பட்டது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்ன, என்ரை பேர் எழுதிக் கிடக்கு? நான் இதிலை ஒண்டும் கதைக்கேல்லையே."

அவளைப் பிடித்துக் கட்டிலில் இருத்திவிட்டு, கசெற்றைத் தொடக்கத்திலிருந்து போட்டேன்.